மூலை வந்தால் நிற்கும் சைக்கிள்

“உங்கம்மாவும் நீயும் ஒரே சைக்கிள்லயா? மாதனூர் தாண்டறதுக்குள்ள ரெண்டு பேரும் ரெண்டு திக்கா வந்துடுவீங்க, பாரு” என்றார் மாமா.

மாமா சும்மா சொல்கிறவர் அல்ல. ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டுகிறார். என் அம்மா தனலட்சுமி அந்தப் பஸ்ஸில்தான் தினமும் ஆம்பூருக்கு வேலைக்குப் போகிறாள். நான் பிளஸ் ஒன் படித்தபோது பள்ளியில் கொடுத்த சைக்கிளில் அவளைப் பின்னால் உட்காரவைத்து, பஸ் நிற்கும் இடம்வரை கொண்டுபோய் விடுவேன். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் நாங்கள் சண்டை போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்குவதை அவர் தன் கண்ணாடியில் எத்தனையோ காலை பார்த்திருக்கிறார்.

இந்த முறை தூரம் ஜாஸ்தி. ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் காலணித் தொழில்நுட்பம் படித்து முடித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்த எந்த இடத்திலும் நான் சொல்லாமல் விட்டதில்லை. பட்டம் வாங்குவதைப் பார்க்க அம்மாவை வரவழைத்தேன். விழா முடிந்ததும் டான்யூப் ஆற்றங்கரை வழியாக வியன்னாவரை சைக்கிளில் போவது என்று முடிவு செய்தேன். அம்மாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதனால் முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்கார்ந்து மிதிக்கும் நீளமான வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தேன்.

ஊர் சுற்றிக் காட்டுவது மட்டும் காரணம் இல்லை. ஒரு காலணிச் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று வருடம் இங்கேயே இருக்கவேண்டும். வியன்னா போய்ச் சேருவதற்குள் பதில் சொல்கிறேன் என்று அவகாசம் கேட்டு வாங்கியிருந்தேன். அம்மாவோ, படிப்பு முடிந்தது, மகள் தன்னோடு வந்துவிடுவாள் என்று பஸ் முழுக்கச் சொல்லிவிட்டு விமானம் ஏறியிருந்தாள். அப்பா போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் இங்கே தங்கினால் அவள் தனி ஆள். இதை ஓர் அறைக்குள் அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் காலை வாடகைக் கடைக்காரர், விரலெல்லாம் கிரீஸோடு, வண்டியைச் சுற்றிக் காட்டினார். “இரண்டு பேருடைய பெடலும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்தவேண்டும். கையில் ஒரு பிரேக் உண்டு. பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால் இன்னொரு பிரேக் பிடிக்கும். இரண்டு பேரில் யார் அழுத்தினாலும் பிடிக்கும்.” நான் தமிழில் சொன்னேன். “சரி சரி, புரியுது, ஏறு” என்றாள் அம்மா.

புடவை கட்டி, அதன்மேல் கம்பெனியில் போடும் நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். நான் வாங்கி வைத்திருந்த ஜாக்கெட்டில் பை போதவில்லையாம். கோட்டுப் பையில் நூல் வெட்டும் சின்னக் கட்டர், பருப்புப் பொடி டப்பா, மிட்டாய், செல்போன் எல்லாம் இருந்தன.

ஊர் எல்லை தாண்டும்வரை அருமையாகப் போனோம். ஆறு வலது பக்கம் திரும்பியது, பாதையும் திரும்பியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல வண்டி நின்றது. இரண்டு பேரும் அப்படியே புல்லில் சாய்ந்தோம்.

“இன்னாம்மா பண்ற?”

“நான் இன்னா பண்ணேன்? நீதான நிறுத்துன.”

ஏறினோம். அடுத்த வளைவு. மறுபடி நின்றது. இந்த முறை புல் இல்லை, சரளைக்கல். முழங்கையில் தோல் உரிந்தது. மூன்றாவது வளைவில் நான் இறங்கியே விட்டேன்.

“பின்பக்கமா அழுத்தாதன்னு எத்தன தடவ சொல்றது?”

“வேணும்னா அழுத்துறன்? மூலை வருது, கால் தானா போவுது.”

“மூலை வந்தா கால் ஏன் போவுது?”

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இத்தனை படித்தும் இது தெரியவில்லையே என்ற பார்வை. “மூலை வந்தா குதிகால் போடாம எப்பிடிடி திருப்புவ?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மா வேலை செய்வது ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் பிரிவில். மெஷினுக்குக் கீழே அகலமான பெடல் ஒன்று இருக்கும். முன்பாதத்தால் அழுத்தினால் ஊசி ஓடும். குதிகாலால் அழுத்தினால் ஊசி நிற்கும். தோலை அழுத்திப் பிடித்திருக்கும் இரும்புப் பாதம் மேலே எழும்பும். தையல் நேராகப் போகும்வரை முன்பாதம். மூலை வந்ததும் குதிகால், தோலைத் திருப்பு, மறுபடி முன்பாதம். நான் பால்வாடிக்குப் போன காலத்திலிருந்து அவள் கால் இதைச் செய்துகொண்டிருக்கிறது. கண் வளைவைப் பார்த்தால் போதும், அவளைக் கேட்காமலே குதிகால் இறங்கிவிடும். இந்த ஆற்றங்கரையில் ஆயிரம் பேர் இப்படிப்பட்ட வண்டி ஓட்டியிருப்பார்கள். எங்கள் பக்கத்து ஆள் தவிர வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்கமுடியாது.

நான் சிரிக்கவும் அவளுக்குக் கோபம் வந்தது. “சிரி, சிரி. இந்தக் காலுதான் உனக்குச் சோறு போட்டுச்சு.”

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். வளைவு கண்ணில் பட்டதும் நான் முன்னாலிருந்து கத்துவேன்: “நேர் தையல்!” அம்மா முன்பாதத்தை அழுத்தியபடியே வருவாள். சில சமயம் நான் கத்த மறப்பேன், சாய்வோம். வளையாத இடம் அந்த ஆற்றில் குறைவு. எதிரே வந்தவர்களெல்லாம் இதை ஏதோ இந்திய வணக்கம் என்று நினைத்திருக்கவேண்டும். ஒரு சிறுமி பதிலுக்கு, கிட்டத்தட்ட அதே உச்சரிப்பில், “நேர்த் தையல்!” என்று கையாட்டிவிட்டுப் போனாள்.

மதியத்துக்குள் புடவையின் கதை முடிந்தது. முந்தானையை இழுத்துச் செருகியவள் கொசுவத்தைக் கவனிக்கவில்லை. சங்கிலி அதைக் கடித்து இழுத்துக்கொண்டது. கட்டரால் நூல் நூலாக வெட்டி எடுத்தோம். அதற்குப்பிறகு என் டிராக் பேண்ட்டும் மேலே நீலக் கோட்டும்தான் அவள் உடுப்பு. “பஸ்ல யாருக்கனா போட்டோ அனுப்புன, அவ்ளோதான் நீ” என்றாள். அவள் முகம் கழுவப் போனபோது அனுப்பிவிட்டேன்.

சாப்பாட்டில் முதல் சண்டை தண்ணீரால் வந்தது. விடுதியில் தண்ணீர் கேட்டோம், பணிப்பெண் பாட்டிலைத் திறந்து ஊற்றினாள். ஒரு வாய் குடித்துவிட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“தண்ணி கேட்டா சோடா குடுக்குறா. வயிறு சரியில்லன்னு சொன்னியா?”

“இங்க தண்ணியே இப்பிடித்தாம்மா.”

“ஆறு ஃபுல்லா தண்ணிய வெச்சிக்கினு அதுல இன்னாத்துக்குக் காத்த அடைக்கிறாங்க?”

இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. மாட்டுக்கறி சூப் வந்தது. மெல்லிய தோசையைச் சேமியாபோல நறுக்கிச் சூப்பில் மிதக்கவிட்டிருந்தார்கள். “நேத்து தோசையா?” என்று கேட்டாள். ஆனாலும் கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். காலையில் ரொட்டி, சீஸ், அவித்த முட்டை. முட்டையை இரண்டாகப் பிளந்து பருப்புப் பொடியைத் தூவி அவள் சாப்பிட்டதைப் பார்த்த பக்கத்து மேசைக்காரர் மூக்கை நீட்டினார். அம்மா டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள். அவர் தூவிக்கொண்டார், இருமினார், மறுபடியும் தூவிக்கொண்டார்.

எல்லை என்று ஒன்று வந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. போன் மட்டும் “ஆஸ்திரியாவுக்கு நல்வரவு” என்றது. நான் சொன்னதும் அம்மா திரும்பிப் பார்த்தாள். “செக்போஸ்ட் எங்க?” பேரணாம்பட்டு தாண்டி ஆந்திரா பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது எங்கள் வேனைச் சோதனைச்சாவடியில் நிறுத்தி, தாம்பூலப் பைகளைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். இங்கே ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குள் வந்திருக்கிறோம். சாட்சிக்கு நின்றது ஒரு மாடு.

ஆற்றைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய்த் தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தாள். பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது தோல் கழிவு நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்திப் பழகியவள். “இதுல வாசனையே இல்ல” என்றாள். குறையாகச் சொன்னாளா, நிறைவாகச் சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை.

வழி நெடுக ஒரு வயதான ஜெர்மன் தம்பதி எங்களோடு வந்தார்கள். வந்தார்கள் என்றால், பேட்டரி சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போவார்கள். அடுத்த ஊரில் காபி குடிக்க உட்காருவார்கள். நாங்கள் அவர்களைத் தாண்டுவோம். ஒருமுறை கணவர் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “இந்த மாதிரி வண்டியில் பின்னால் இருப்பவர் மிதிக்கவே மாட்டார். சும்மா காலை ஆட்டுவார்.”

“இன்னா சொல்றாரு?” என்றாள் அம்மா.

“உன் கோட்டு நல்லாருக்காம்.”

“பொய்யி. என் காலப் பாத்துக்கினே சொன்னாரு.” அடுத்த மேட்டில் அவள் மிதித்த மிதியில் நான் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். பேட்டரி வண்டிகளை நாங்கள் தாண்டியது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் எங்கள் பின்சக்கரம் பஞ்சர் ஆனபோது அதே தம்பதி வந்து நின்றார்கள். கணவர் எல்லாச் சாமான்களையும் புல்லில் பரப்பி, சக்கரத்தைக் கழற்றி, டியூபைத் தவறான பக்கம் வைத்துக் கிள்ளி இன்னொரு ஓட்டை போட்டார். மனைவி அவரைக் காபி ஊற்றச் சொல்லிவிட்டு உட்கார்ந்து இரண்டு ஓட்டைகளையும் ஒட்டினார். “கல்யாணமான நாளிலிருந்து இவர் ஆரம்பித்து வைப்பார், நான் முடித்து வைப்பேன்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: “எனக்குப் புரிஞ்சிடுச்சு, நீ சொல்லாத.”

இப்படி நாட்கள் போயின. சொல்லவேண்டியதை நான் சொல்லவில்லை. ஆனால் அம்மா பேச ஆரம்பித்தாள். வீட்டில் அவளுக்குப் பேச நேரம் இருந்ததில்லை. வருவாள், உலை வைப்பாள், துவைப்பாள், தூங்குவாள். இங்கே என் முதுகைப் பார்த்தபடி நாள் முழுக்கப் பேசினாள். நான் பிறந்த அன்று அப்பா தோல் பதனிடும் டேனரியிலிருந்து கை கழுவாமல் ஓடிவந்து, என்னைத் தொடவிடாமல் நர்ஸ் விரட்டியது. நான் ஒன்பதாவது படிக்கும்போது லைனில் பக்கத்து மெஷின்காரி, “பொண்ண எதுக்கு இன்னும் ஸ்கூல்ல வெச்சிக்கினு?” என்று கேட்டதும், அம்மா ஒரு மாதம் அவளோடு பேசாததும். நான் விமானம் ஏறிய அன்று வீட்டுக்குத் திரும்பிப் பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு, அத்தனையையும் உட்கார்ந்து தின்றது.

“இதெல்லாம் ஏன்மா என்கிட்ட சொன்னதே இல்ல?”

“மூஞ்சியப் பாத்துச் சொல்ல வராதுடி. பஸ்ல நாங்க எல்லாம் முன்சீட்டு முதுகு கிட்டதான் சொல்லுவோம். அவ திரும்பமாட்டா, ‘ம்’ மட்டும் சொல்லுவா. அதுதான் மரியாத.”

நான் ‘ம்’ என்றேன். திரும்பவில்லை.

அவளுக்கு முதுகு கிடைத்தது. எனக்கு முன்னால் கைப்பிடியும் காற்றும்தான். ஆனாலும் அது உதவியது. இரண்டு பக்கமும் ஆப்பிள் மரங்கள் நின்ற, கயிறு பிடித்ததுபோல நேராக ஓடிய பாதையில், காற்றைப் பார்த்துச் சொன்னேன்: “அம்மா, நான் உன்கூட ஊருக்கு வரல. இங்க ஒரு வேல கெடச்சிருக்கு. மூணு வருஷம்.”

வண்டி நின்றது. அங்கே வளைவு இல்லை.

இந்த முறை நாங்கள் விழவில்லை. அம்மா இறங்கினாள். கோட்டைச் சரிசெய்தாள். “நீ போ. நான் நடந்து வர்றேன்” என்றாள்.

“இன்னாம்மா இது, இன்னும் எவ்ளோ தூரம் இருக்கு தெரியுமா?”

“போன்னு சொல்றன்ல.”

நான் கொஞ்ச தூரம் ஓட்டுவேன், நிற்பேன். அவள் நெருங்கியதும் மறுபடி கொஞ்சம் ஓட்டுவேன். நான் மிதிக்கும்போது பின்னால் ஆளில்லாத பெடல்களும் சேர்ந்து சுற்றின. அந்தச் சத்தத்தைக் கேட்கப் பிடிக்காமல் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். நீளமான வண்டி, தள்ளுவதும் கடினம். பேட்டரித் தம்பதி எங்களைக் கடந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் போனதற்காக அவர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

பாதை ஆற்றில் போய் முடிந்தது. அக்கரைக்குப் படகில்தான் போகவேண்டும். கம்பத்தில் ஒரு மணி தொங்கியது, அதை அடித்தால் படகு வரும். அடித்தேன். அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள், நான் இன்னொன்றில் உட்கார்ந்தேன். படகுக்காரர் வந்து கரை சேர்ந்ததும் எங்கள் இரண்டு பெஞ்சுகளையும் பார்த்தார், நீளமான சைக்கிளையும் பார்த்தார்.

“இந்த வண்டியில் வருகிறவர்களில் பாதிப் பேர் என் படகில் ஏறும்போது பேசிக்கொள்வதில்லை” என்றார். “ஆறு இங்கே குறுகல். சில பேருக்கு ஒருமுறை கடப்பது போதாது. நான் போய்த் திரும்பி மறுபடியும் போவேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். இந்த முறை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன்.

“அந்தாளுக்கு வேற வேல இல்லியா?” என்றாள். ஆனால் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து ஏற்ற வந்தாள். தனியாக ஏற்ற முடியாத வண்டி அது.

படகு நகர்ந்தது. இன்ஜின் சத்தம். அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“இன்னா வேல?”

“செருப்பு, ஷூ எல்லாம் சோதிக்கிற எடம். ஷூவ ஒரு மெஷின்ல மாட்டி, நடக்கிற மாதிரி வளைச்சுக்கினே இருக்கும். எப்போ தையல் பிரியுது, எங்க தோல் வெடிக்குதுன்னு பாக்கணும்.”

“பிரியற வரைக்கும் வளைப்பியா?”

“ஆமா.”

“நான் தெச்சத நீ பிரிக்கப் போற. அதுக்கா ஒன்ன படிக்க வெச்சேன்? அதுக்கா மூணு வருஷம் நான் தனியா கெடக்கணும்?”

நான் தயார்செய்து வைத்திருந்த பதிலெல்லாம் வேறு கேள்விக்கு. தனிமை, கல்யாணம், ஊர் பேச்சு என்று கேட்பாள் என நினைத்திருந்தேன். இதை அவள் கேட்பாள் என்று தோன்றவே இல்லை.

அக்கரை வந்தது. அம்மா இறங்கவில்லை. படகுக்காரர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படகை மெதுவாகத் திருப்பினார்.

நடு ஆற்றில் அம்மா சொன்னாள்: “நீ பிளஸ் டூ படிக்கிறப்போ ஒரு லாட்டு ஷூ திரும்பி வந்துச்சு. வெளிநாட்டுலருந்து ரிஜக்ட்டு. சூபர்வைசர் மொத்த லைனையும் நிக்க வெச்சுக் கத்துனான். யார் மேல தப்பு, இன்னா தப்பு, ஒண்ணும் சொல்லல. ‘ஃபெயில்’, அவ்ளோதான். அது என் மூலையா, வேற எவ மூலையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தூக்கம் வராது சில நாளு. என் கையாத்தான் இருக்கும்னு தோணும்.”

நான் ‘ம்’ என்றேன்.

“அந்த ஃபெயில் போடறது உன்ன மாதிரி ஒருத்திதானா?”

“ஆமாம்மா.”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் புறப்பட்ட கரையில் யாரும் காத்திருக்கவில்லை. படகுக்காரர் மறுபடி திருப்பினார்.

“அப்போ ஏன் பிரிஞ்சிச்சுன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும். எந்த எடம், நூல் அறுந்துச்சா, ஊசி ஓட்ட கிழிஞ்சிச்சான்னு எல்லாம் எழுதித் தருவோம். ஆனா எந்தக் கம்பெனி ஷூன்னு வெளிய யாருக்கும் சொல்லக்கூடாது.”

“எனக்குக் கம்பெனி பேரு எதுக்கு? மூலையில எங்க பிரியுதுன்னு மட்டும் சொல்லு. அதச் சொல்லலாம்ல?”

சொல்லலாம் என்றேன். பொதுவாக எங்கே பிரியும், எப்படித் தைத்தால் பிரியாது என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அது அங்கே லைனுக்குப் போய்ச் சேருவதில்லை, அவ்வளவுதான்.

கரை வந்தது. அம்மா எழுந்தாள். “சரி. இரு. ஆனா நான் பஸ்ல சொல்லமாட்டேன். எம்பொண்ணு வர்றா, வர்றான்னு தம்பட்டம் அடிச்சவ நான். மூஞ்சில முழிக்க முடியாது. நீயே சொல்லு.” இறங்கும்போது படகுக்காரருக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள். ஏறி உட்கார்ந்தாள். அன்று மாலைவரை என் முதுகோடு பேசவில்லை. ஆனால் மிதித்தாள்.

பஸ்ஸில் சொல்லும் நாள் மறுநாளே வந்தது. ஆம்பூரில் வேலை விட்டு ஆட்கள் திரும்பும் சாயங்காலம், இங்கே மதியம். ஏப்ரிகாட் பழத்தோட்டங்கள் சரிவு சரிவாக நிற்கும் ஊர் ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தோம். முழுப்பழத்தை மாவுக்குள் வைத்து, வேகவைத்து, மேலே வறுத்த ரொட்டித்தூள் புரட்டிய உருண்டைகள் வந்தன. அம்மா ஒன்றைப் பிட்டாள். “கொழுக்கட்ட!” என்றாள். பயணத்தில் முதல்முறையாக இன்னொன்று கேட்டாள்.

அவள் போனில் வீடியோ அழைப்பு போட்டாள். திரை குலுங்கியது. பஸ்ஸின் கூரை, ஒரு மல்லிகைப் பூச்சரம், பிறகு பத்து முகங்கள்.

“யக்கா! பேண்ட்டு எங்க யக்கா? எழுந்து நில்லு, பாக்கலாம்!”

அம்மா என்னை முறைத்தாள். நான் அனுப்பிய போட்டோ பஸ் முழுக்கச் சுற்றியிருந்தது.

“உன் சீட்டுல யாரையும் உக்கார விடல யக்கா. டிபன் பாக்ஸ வெச்சுப் புடிச்சு வெச்சிருக்கோம்” என்றாள் ஒருத்தி. பர்வீன் அக்கா, அம்மாவுக்கு முன்சீட்டுக்காரி. அதாவது, அம்மா எல்லாவற்றையும் சொல்லும் முதுகு.

அம்மா போனை என் கையில் திணித்தாள். நான் சொன்னேன். வரவில்லை, மூன்று வருடம், இன்ன வேலை என்று. இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.

“உங்கம்மாவ ஏமாத்திட்டியா?” என்றாள் பர்வீன் அக்கா. கோபமில்லாமல், ஆனால் விளையாட்டாகவும் இல்லாமல்.

“என்ன எவடி ஏமாத்த முடியும்?” என்று பக்கத்திலிருந்து அம்மா கத்தினாள். “நான்தான் இருன்னு சொன்னேன். ஷூவ வளைச்சு வளைச்சு, எங்க பிரியுதுன்னு பாக்குற வேல. நம்ம ஃபெயில் எதுக்கு ஃபெயிலுன்னு இனிமே அவ நமக்குச் சொல்லுவா.”

பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: “அந்த மெஷின்ல ஆள வளைக்க முடியுமா பாப்பா? எங்க சூபர்வைசர மொதல்ல மாட்டு. எங்க பிரியறான்னு பாக்கலாம்!”

பஸ் சிரித்ததில் திரை ஆடியது. மாமாவின் குரல் முன்னாலிருந்து வந்தது, உட்காருங்கள், பிரேக் போட்டால் விழுவீர்கள் என்று. அதற்குள் வேறொருத்தி போனைப் பிடுங்கிக்கொண்டாள். “பாப்பா, வளைவுல ரெண்டு தையல் ஓட்றோமே, வெளித் தையல்தான் மொதல்ல போவுமா, உள் தையலா?” நான் சொன்னேன். அவள் “அத நான் அப்பவே சொன்னேன்” என்று யாரையோ திரும்பிப் பார்த்துச் சண்டைக்குப் போனாள். அங்கே ஒரு விவாதம் தொடங்கியது, எங்களை மறந்துவிட்டார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டே உருண்டைகளைச் சாப்பிட்டு முடித்தோம். தொடர்பு அறுந்தபோது அம்மா கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். ரொட்டித்தூள் என்றாள். இருக்கலாம்.

வியன்னாவைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் பார்த்தது, வண்டியை ஒப்படைக்கும் கடையும், அதற்கு வழி கேட்டு அலைந்த தெருக்களும்தான். அரண்மனை வாசலில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனிலேயே, வேலைக்கு வருகிறேன் என்று பதில் எழுதினேன். “அனுப்பிட்டியா?” என்றாள். “அனுப்பிட்டேன்.” “இன்னொரு தடவ படிச்சுப் பாத்தியா? தப்பு கிப்பு இருக்கப் போவுது.” படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை புரியாமல் தலையாட்டிக் கேட்டாள்.

விமான நிலையத்தில் அவள் அழவில்லை. சோதனைக்காரர்கள் கோட்டுப் பையிலிருந்து கட்டரை எடுத்துவிட்டார்கள், அந்த ஆத்திரத்தில் அழ மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், திரும்பாமல் கையை மட்டும் பின்னால் ஆட்டினாள். முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். சொல்லவேண்டிய எல்லாவற்றையும் அதனிடம் சொன்னேன்.

அதன்பின் படித்த ஊருக்குத் திரும்பி என் அறையைக் காலி செய்தேன். சாமான்களைத் தோழி ஒருத்தி காரில் கொண்டுவருவதாகச் சொன்னாள். நானும் அதிலேயே ஏறியிருக்கலாம். ஏறவில்லை. யாரோ விற்ற பழைய பச்சைச் சைக்கிள் ஒன்றை வாங்கினேன், ஓர் ஆள் ஓட்டுவது. சோதனைக்கூடம் இருக்கும் ஊருக்கு அதிலேயே புறப்பட்டேன். தனியாக ஓட்டும்போது மேடு அதிக மேடாக இருக்கிறது. பேச்சு இல்லாததால் பறவைகள் காதில் விழுகின்றன.

நேற்று ஒரு பாலத்தின் நடுவில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். பஸ் சத்தம் பின்னால் கேட்டது.

“எங்க இருக்க?”

“பாதி வழியில.”

“சாப்ட்டியா?”

“ஆச்சு.”

“மழ வருதா?”

“வர்ற மாதிரி இருக்கு.”

“அப்புறம் இன்னாத்துக்கு நின்னுக்கினு பேசிக்கினு இருக்க? போ, போ.”

போனைப் பைக்குள் போட்டேன். இதை நான் எழுதுவது அந்தப் பாலத்துக்கு இரண்டு ஊர் தள்ளி. மழை விட்டதும் கிளம்புவதற்குப் பையைச் சைக்கிளில் கட்டிவைத்துவிட்டேன்.